இருபது அடி

நான் போவதற்கு முன்பே
டிஷ்யூ பெட்டி மேசையில் இருந்தது.
அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.
பிறகு கேப்டன் ஹாலோவே பேசியதெல்லாம்
அந்தப் பெட்டிக்குப் பின்குறிப்பு.

எழுபத்து நான்கு பறப்புகள்.
லூட்டனிலிருந்து போர்த்தோ, கிராக்கோவ், மறுபடி லூட்டன்.
வானத்தில் உன்னிடம் ஒரு குறையும் இல்லை என்றார்.
தரைதான்.
தரைக்கு முந்திய இருபது அடிதான்.

அந்த உயரத்தில் ஏர்பஸ் தானே வாய் திறக்கும்:
ரிடார்ட், ரிடார்ட்.
விசையைப் பின்னுக்கு இழு என்று பொருள்.
பள்ளிக்கூட மைதானத்தில் அதே சொல்லுக்கு
வேறு பொருள் இருந்தது.
ஒருநாள் மிதந்துகொண்டே போனேன், ஒருநாள் விழுந்தேன்.
என் மதிப்பெண்
நூற்றெண்பது பேரின் முதுகெலும்பில் பதிந்தது.

தொப்பிக்கு ஒரு கையொப்பம்.
தோளின் இரண்டு பொன்கோடுகளுக்கு ஒன்று.
கடனுக்கு முன்பே போட்டிருந்தேன்.
மாதம் மூன்றாந்தேதி தவறாமல்
வங்கி அதை எனக்கு வாசித்துக் காட்டியது.

ஹரோவில் ஒரு கலியாணவீட்டில்
"மூத்தவள் இன்னும் ட்ரெயினிங்கிலதான்" எண்டு
அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா,
கையிலிருந்த ஐஸ்கிரீம் தண்ணீராகும் வரை.
நான் அப்போது பார்சல் கிடங்கில் இரவு வேலை.
பெட்டியை நோகாமல் இறக்கத் தெரிந்தவள் என்று
அங்கே எனக்கு நல்ல பெயர்.

ஏழாம் மாதம், லிங்கன்ஷயர்.
சீனிக்கிழங்கு வயல்களுக்கு நடுவே
ஒரு புல் ஓடுபாதை, தகரக் கொட்டகை,
ஒற்றை எஞ்சின் கேரவன்.
பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிப்போக ஆள் வேண்டுமாம்.
கிளப்பை நடத்தும் மோரக் என் கோப்பை முழுதும் படித்தாள்,
மூடினாள்,
"நாய் என்றால் பயமா?" என்று கேட்டாள்.
நேர்முகம் அவ்வளவுதான்.

பதின்மூவாயிரம் அடிவரை பதினைந்து பேர்.
கதவு திறந்ததும் ஒருவர் பின் ஒருவராக
மனமுவந்து என்னை விட்டுப் போனார்கள்.
திரும்பும்போது நானும் காலி விமானமும்.
பக்கத்து இருக்கையில் பேனா இல்லை.
எனக்கு வராத ஒன்றை
நாளுக்குப் பதினெட்டு முறை செய்யச் சொல்லிச்
சம்பளமும் தந்தார்கள்.

முதல் வாரம் தவளைபோல் இறங்கினேன்.
என் சக்கரச் சத்தம் கேட்டால்
மோரக்கின் நாய் எழுந்து
கொட்டகைக்குப் பின்னால் போய்விடும்.

மே மாதம், ஒரு மாலை, எத்தனையாவது ஏற்றமோ,
ஓடுபாதையில் ஒரு முயல்.
அது ஓடிவிட்டது.
ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கும் என்று
கண்ணைப் புல்லின் கடைசிவரை அனுப்பினேன்.
அங்கே வேலி, ஒரு டிராக்டர், வெயிலின் மிச்சம்.
இன்னொரு முயல் இல்லை.
தேடி முடித்தபோது
சக்கரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

இவ்வளவு காலமும்
மூக்குக்குக் கீழே வரும் தரையையே பார்த்துப்
பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.
தூரத்தைப் பார் என்று பாடப்புத்தகத்தில் இருந்தது.
பச்சை மையால் அடிக்கோடும் இட்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு விண்ணப்பம்.
முன்பு பயிற்சியில் தோற்றதுண்டா? ஆம். இல்லை.
ஆம் என்று போட்டேன்.
விளக்கத்துக்கு ஐந்து வரி இடம்.
முயலை எழுதினேன், அழித்தேன்.
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு இறக்கங்கள்
என்று மட்டும் எழுதினேன்.
மீதி நான்கு வரி வெறுமையாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை, கிராலியில், சிமுலேட்டர்.
குறுக்குக்காற்று வைத்திருந்தார்கள்.
இருபது அடியில் அந்தக் குரல்.
கேட்டது.
விசையைப் பின்னுக்கு இழுத்தேன்.
அவர்கள் என்ன குறித்தார்கள் என்று தெரியாது.
கடிதம் இன்னும் வரவில்லை.

இன்று மேல்காற்று.
கிழங்கு லாரிகளின் சேற்று வாசம் மேலேயும் வருகிறது.
ஏழாவது ஏற்றத்தில், முதன்முறை குதிக்க வந்தவன்
என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்துகிறான்,
"நீங்க எப்பவாவது குதிச்சிருக்கீங்களா?"

"ஒருமுறை. லூட்டனில்.
தள்ளிவிட்டார்கள்."

கதவு. இரைச்சல்.
அவன் இடத்தில் ஒரு கையுறை மட்டும் கிடக்கிறது.
மூக்கைச் சாய்க்கிறேன்.